செம்பாறை நாட்டில் ஒரு வாரம்: ஸயானா, பேஜா, மோவாபா?

யூட்டாவின் தென்பாதியையும் அரிசோனாவின் வடக்கு ஓரத்தையும் வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். ஸயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்று ஐந்து தேசியப் பூங்காக்கள். தெற்கே ஆன்டிலோப் கேன்யனும் மான்யுமென்ட் வேலியும். ஒரு வாரம் விடுப்பு கிடைத்த தம்பதி முதலில் போடும் திட்டம் இந்த ஏழு இடங்களையும் ஒரே சுற்றில் முடித்துவிடுவது. முடிக்கலாம்தான். தினமும் மூன்று நான்கு மணி நேரம் காரோட்டி, காட்சி முனைகளில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, இருட்டியபின் அடுத்த ஊர் விடுதியில் போய் விழலாம். ஆனால் இந்தப் பாறைகளை அவற்றின் இடுக்குகளில் நடந்துதான் பார்க்க வேண்டும். கார் கண்ணாடி வழியே பார்த்தால் மூன்றாம் நாளே எல்லாம் ஒரே சிவப்பாகிவிடும்.

ஆகவே எதை விடுவது என்பதுதான் கேள்வி. ஸயானும் பிரைஸும் ஒரு பக்கம், ஆன்டிலோப் கேன்யனை ஒட்டிய பேஜ் ஊர் ஒரு பக்கம், ஆர்ச்சஸுக்கும் கேன்யன்லேண்ட்ஸுக்கும் தங்கும் ஊரான மோவாப் ஒரு பக்கம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பயணப் பட்டியல்கள் காட்சியின் அழகை வைத்துத் தரம் பிரிக்கின்றன. அழகில் இங்கே எதுவும் எதற்கும் இளைத்ததில்லை. அதை வைத்து முடிவெடுக்கவே முடியாது. இருவர் போகும் பயணத்துக்கு நான் வேறொரு கணக்கு வைத்திருக்கிறேன். கணவன், மனைவி இருவரும் ஒரே மாதிரி நடப்பவர்களாக அமைவது அபூர்வம். ஒருவருக்கு முழங்கால் தகராறு செய்யும், ஒருவருக்கு வெயில் ஆகாது, ஒருவருக்கு உயரம் ஆகாது. எங்கள் வீட்டில் உயரம் ஆகாதவர் என் கணவர். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதும் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே நிற்பார். எனவே நான் கேட்பது இதுதான்: அந்த இடம் இருவரையும் சேர்த்து நடக்கவிடுமா, ஒருவரை மேலே அனுப்பிவிட்டு மற்றவரைக் கீழே உட்காரவைக்குமா?

லாஸ் வேகாஸிலிருந்து ஸயான், பிரைஸ்

போய்ச் சேரும் வசதியில் இதற்கே முதலிடம். வேகாஸுக்கு எந்த ஊரிலிருந்தும் விமானம் கிடைக்கும். அங்கிருந்து ஸயான் சுமார் 160 மைல். மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸயானிலிருந்து பிரைஸ் இன்னும் இரண்டு மணி நேரம்.

ஸயானில் நாம் பள்ளத்தாக்கின் அடியில் நிற்போம். இரண்டாயிரம் அடிச் சுவர்கள் இருபுறமும் எழும். டைனோசர் காலத்து மணற்குன்றுகள் இறுகிக் கல்லான சுவர்கள் அவை. அன்று காற்று மணலை ஒதுக்கிய சாய்கோடுகள் இன்றும் பாறையில் வரிவரியாகத் தெரிகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள். பூங்காவின் இலவச பஸ்ஸில்தான் போக வேண்டும். எனக்கு இது நிம்மதி. காலை எட்டு மணிக்கு வாகன நிறுத்தம் நிரம்பிவிடுவதுதான் தலைவலி.

இங்கே புகழ்பெற்ற ஏறுபாதை ஏஞ்சல்ஸ் லேண்டிங். போய்வர ஐந்தரை மைல். ஏற்றம் ஏறத்தாழ 1,500 அடி. கடைசி அரை மைல், இருபுறமும் பாதாளம் உள்ள குறுகிய பாறை முகட்டில், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறுவது. 2022 ஏப்ரல் முதல் இதற்குக் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு. சங்கிலி தொடங்கும் ஸ்கவுட் லுக்அவுட் வரை யார் வேண்டுமானாலும் போகலாம். அங்கே சங்கிலி மாட்டியிருந்த முதல் இரும்புக் கழியை என் கணவர் ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. இருந்தாலும், “நீ போய்விட்டு வா, நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று உட்கார்ந்துவிட்டார். பைக்கு அங்கே நிஜமாகவே காவல் வேண்டும். மனிதர் தின்பண்டத்துக்குப் பழகிவிட்ட அணில்கள் துணியைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். அந்த நேரம் முழுவதும் நான் மேலே, அவர் கீழே. ஸயானின் பெரிய பாதைகள் பலவும் இப்படித்தான் ஆளைப் பிரிக்கின்றன.

விதிவிலக்கு நேரோஸ். வர்ஜின் ஆறு அறுத்த குறுகிய பிளவுக்குள், தண்ணீரிலேயே, கணுக்கால் முதல் இடுப்பு வரை நனைந்துகொண்டு நடப்பது. பாதையே ஆறுதான். உயரப் பயம் உள்ளவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஊன்றுகோலும் நனையும் காலணியும் பூங்கா வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். கீழிருந்து நடந்து அதே வழியில் திரும்ப அனுமதிச் சீட்டு வேண்டாம். ஆனால் ஆற்றில் நொடிக்கு 150 கன அடிக்கு மேல் ஓடினால் மூடிவிடுவார்கள். மேட்டூர் நீர்வரத்தைச் செய்தித்தாளில் பார்த்துப் பழகியவர்களுக்கு 150 கன அடி வாய்க்கால் கணக்காகத் தோன்றும். இருபது முப்பது அடி அகலச் சந்தில், உருண்டைக் கற்கள்மேல் நின்று அதைத் தாங்கிப் பார்த்தால் தெரியும். பனி உருகும் வசந்தத்தில் போகிறவர்கள் நேரோஸை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பிரைஸ் நேர்மாறு. இங்கே விளிம்பில் நின்று கீழே பார்ப்போம். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஆயிரக்கணக்கில் கல்தூண்கள் எழுந்து நிற்கும். ஹூடூ என்பது அவற்றின் பெயர். ஆண்டில் பாதி நாட்கள் இங்கே இரவில் தண்ணீர் உறைந்து பகலில் உருகுகிறது. விரிசலில் புகுந்த நீர் பனிக்கட்டியாகி விரிந்து பாறையைப் பிளப்பதால் உண்டான உருவங்கள் இவை. கெட்டவர்களாக நடந்துகொண்ட பழங்காலத்தாரைக் கயோட்டி என்னும் தந்திரக்காரத் தெய்வம் கல்லாக்கிவிட்டது என்பது இம்மண்ணின் பையூட் மக்கள் சொல்லும் கதை. அகலிகையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை நம்புவதில் சிரமமில்லை. காலை வெயிலில் சில தூண்களுக்குக் கழுத்தும் தோளும் கூட உண்டு.

சன்ரைஸ் பாயிண்டில் குவீன்ஸ் கார்டன் வழியாக இறங்கி, நவஹோ லூப் வழியாக ஏறிவந்தால் மூன்று மைலுக்குச் சற்றுக் குறைவு. பாதை அகலம், வளைவுகள் நிதானம். அறுநூறு அடி இறக்கமும் ஏற்றமும் இருவரும் பேசிக்கொண்டே முடிக்கக்கூடியவை. ஏறும்போது மூச்சு வாங்கினால் உடம்பைக் குறை சொல்லாதீர்கள்: விளிம்பே எட்டாயிரம் அடிக்கு மேல். சாலை முடியும் ரெயின்போ பாயிண்ட் 9,115 அடி, தொட்டபெட்டாவைவிட உயரம். என் கணக்கில் பிரைஸுக்கு ஓர் இரவும் ஒரு முழுப் பகலும் போதும். அதற்குமேல் அதே தூண்களை வேறு கோணத்தில் பார்ப்பதுதான்.

பேஜ், மான்யுமென்ட் வேலி

படங்களில் எல்லோரையும் மயக்குவது இந்தப் பகுதிதான். நடைக்கு வருகிறவர்களுக்கு நான் கடைசியில் வைப்பதும் இதைத்தான்.

ஆன்டிலோப் கேன்யன் என்பது மேல், கீழ் என்று இரண்டு குறுகிய பாறைப் பிளவுகள். நவஹோ என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில், குழுவாகத்தான் உள்ளே போக முடியும். இருவருக்கும் சேர்த்து நூறு டாலரைத் தாண்டும். தேசியப் பூங்காவின் ஆண்டுச் சீட்டு செல்லாது. அவர்கள் நிலம், அவர்கள் விதி. கட்டுப்பாட்டுக்கு வலுவான காரணமும் இருக்கிறது. 1997 ஆகஸ்டில் எங்கோ தொலைவில் பெய்த மழை வெள்ளமாக வந்து கீழ்க் கேன்யனில் 11 பேரைக் கொண்டுபோனது. உள்ளே அலையலையாகத் திருகி நிற்கும் சுவர்களில் வெளிச்சம் இறங்குவதைக் கண்டால் கொடுத்த காசு பெரிதாகத் தெரியாது. ஆனால் முன்னால் நிற்பவர் படம் எடுத்து முடித்தால்தான் நாம் நகர முடியும். இருவரும் தனியாக நிற்க ஒரு நிமிடம் கிடைக்காது. கீழ்க் கேன்யனில் செங்குத்தான இரும்பு ஏணிகளும் உண்டு. மேல் கேன்யன் சமதரை.

ஹார்ஸ்ஷூ பெண்ட், போய்வர ஒன்றரை மைல் நடை. ஆயிரம் அடிக்குக் கீழே கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளைந்து ஓடும். கம்பித் தடுப்பு ஒரு பகுதிக்குத்தான். மற்ற இடமெல்லாம் திறந்த விளிம்பு. மான்யுமென்ட் வேலியில் 17 மைல் மண்சாலைச் சுற்று இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் நடக்க அனுமதியுள்ளது வைல்ட்கேட் என்ற பாதை மட்டும்தான். வெஸ்ட் மிட்டன் குன்றைச் சுற்றிவரும் மணல்வழி. மண்சாலையில் ஓட்டக்கூடாது என்று பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்; சாவி வாங்கும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியில் கடிகாரமும் ஆளை ஏமாற்றும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் அமெரிக்க வழக்கத்தை அரிசோனா பின்பற்றுவதில்லை. அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதி பின்பற்றுகிறது. எனவே மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை பேஜ் ஊருக்கும் மான்யுமென்ட் வேலிக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். செல்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஆன்டிலோப் டிக்கெட் பேஜ் ஊர் நேரத்தில் இருக்கும். கைக்கடிகாரம் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது.

மோவாப்

சால்ட் லேக் சிட்டியிலிருந்து நான்கு மணி நேரம், கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனிலிருந்து இரண்டு மணி நேரம். மூன்றில் இதுவே எட்டாத ஊர். ஆனால் ஒரே விடுதியில் பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு நான்கு நாளும் வேறு வேறு திசையில் நடக்கலாம் என்பது வேறெங்கும் இல்லாத சௌகரியம். ஆர்ச்சஸ் பூங்காவின் வாசல் ஊரிலிருந்து பத்து நிமிடத்துக்குள். கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி முக்கால் மணி நேரம்.

ஆர்ச்சஸில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வளைவுகள் இருக்கின்றன. இவ்வளவும் இங்கே குவிந்ததற்குக் காரணம் அடியில் இருக்கும் உப்பு. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் வற்றி விட்டுச்சென்ற உப்புப் படுகை, மேலே ஏறிய பாறையின் கனம் தாங்காமல் நகர்ந்து பிதுங்கியது. மேற்பாறை வரிசை வரிசையாக விரிசல் விட்டது. விரிசல்களைத் தண்ணீரும் பனியும் அகலப்படுத்த, நடுவே மெல்லிய கற்சுவர்கள் நின்றன. அந்தச் சுவர்களில் விழுந்த ஓட்டைகளே வளைவுகள். வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 1991இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து அறுபது அடி நீளப் பாறைத் துண்டு ஒன்று விழுந்தது. 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் ஓர் இரவில் முழுதாகச் சரிந்தது. 306 அடி அகலத்துக்கு ஒரு பட்டைபோல் நீண்டு நிற்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் அடியில் இப்போது யாரையும் விடுவதில்லை.

என் கணக்கில் இந்த ஊர் ஜெயிக்கும் இடம் டெவில்ஸ் கார்டன். லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை சரளை போட்ட ஒழுங்கான பாதை. போய்வர இரண்டு மைலுக்குள். யாரும் நடக்கலாம். அதற்கப்பால் பாதை பாறை முதுகின் மேல் ஏறி, இருபுறமும் சரிவுள்ள கற்சுவரின் உச்சியில் டபுள் ஓ ஆர்ச் வரை போகிறது. மேலே போக வேண்டியவர் போகலாம். மற்றவர் அதே பாதையில் பைன் ட்ரீ ஆர்ச், டனல் ஆர்ச் என்று கிளைவழிகளில் சுற்றிக்கொண்டிருக்கலாம். காத்திருப்பவருக்கும் நடக்க இடமிருக்கிறது. ஸயானின் சங்கிலியடியில் உட்கார்ந்திருந்தவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

டெலிகேட் ஆர்ச் போய்வர மூன்று மைல், ஏற்றம் 480 அடி. படிக்கட்டு, மரநிழல் எதுவும் கிடையாது. பாதியில், யானை முதுகுபோல் அகன்று சாய்ந்த ஒரே பாறைமேல் ஏற வேண்டும். பாதை என்று கோடு எதுவும் இருக்காது. சின்னச் சின்னக் கல்லடுக்குகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். ரப்பர் அடிப்பாகம் பாறையைக் கவ்விக்கொள்ளும். மணல் உதிர்ந்து கிடக்கும் இடத்தில்தான் வழுக்கும். கடைசி இருநூறு கஜம் மலைச்சுவரை ஒட்டிய பாறைத் திண்டு. ஒருபக்கம் சுவர், மறுபக்கம் சரிவு. என் கணவர் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே முழுத் தூரமும் வந்தார். எதிரே வருகிறவர்களை வெளிப்பக்கம் போகச் சொல்லிக் கெஞ்சினார். திண்டு திரும்பியதும் வளைவு நேரே நிற்கும். அதற்கும் நமக்கும் நடுவே பெரிய கல்கிண்ணம் ஒன்று சரிந்து இறங்கும். அதன் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளலாம், வளைவின் அடிக்குப் போகாமலே எல்லாம் தெரியும். அஸ்தமனத்துக்குக் கூட்டம் திருவிழாதான். காலை ஏழு மணி நல்ல நேரம். மாலையில்தான் போவீர்கள் என்றால் ஆளுக்கொரு தலைவிளக்கு எடுத்துப் போங்கள். செல்பேசி வெளிச்சத்தில் அந்தப் பாறையில் இறங்குவது புத்திசாலித்தனமில்லை.

கேன்யன்லேண்ட்ஸில் மேசா ஆர்ச் அரை மணி நேர நடை. விடியலில் முக்காலிகளின் வரிசைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்தது நீடில்ஸ் பகுதி. மோவாபிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்பதால் கூட்டம் பாதியாகிவிடுகிறது. செஸ்லர் பார்க் என்னும் புல்வெளியைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஊசிப் பாறைகள் நிற்கும். இருவருக்கும் ஒருநாள் முழுக்கப் பிடிக்கும் நடை. செங்குத்தான விளிம்புகளும் குறைவு.

இந்தப் பக்கத்தில் காலடியையும் பார்த்து நடக்க வேண்டும். பாதையோரத்தில் கறுத்து, பொருக்குப் பொருக்காக மேடிட்டிருக்கும் மண் உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் மணல் துகள்களைப் பின்னிப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதியில் உடைவது பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். படத்துக்காக ஓரடி ஒதுங்கும் பழக்கம் உள்ளவர்களை இங்கே கையைப் பிடித்து இழுக்க வேண்டும்.

யாரும் முதலில் சொல்லாத ஊர்

மோவாபிலிருந்து பிரைஸ் போகும் வழியில் கேபிடல் ரீஃப். பெரும்பாலோர் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். நூறு மைல் நீளத்துக்குப் பூமியின் தோல் மடிந்து எழுந்ததுபோன்ற பாறைத் தொடர்; அதன் நடுவே மார்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்கள். பருவத்தில் நாமே பறித்து, எடை போட்டு, பெட்டியில் காசைப் போட்டுவிட்டு வரலாம். ஹிக்மன் பிரிட்ஜ் பாதை போய்வர இரண்டு மைலுக்குள். கிராண்ட் வாஷ், உயர்ந்த சுவர்களுக்கு நடுவே சமதரையான காய்ந்த ஓடை. உயரம் ஆகாதவரும் முழங்கால் வலிக்காரரும் இங்கே தலைநிமிர்ந்து நடக்கலாம். வரும் வழியில் காபளின் வேலி மாநிலப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டிப் பூதங்கள்போல் நிற்கும் பாறைகளுக்கு நடுவே பாதையே இல்லாமல் இஷ்டத்துக்குத் திரியலாம்.

காசு, வெயில், சோறு

ஸயானும் பிரைஸும் காருக்கு 35 டாலர், ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் 30. மூன்று பூங்காவுக்கு மேல் என்றால் 80 டாலர் ஆண்டுச் சீட்டு லாபம். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 தொடக்கத்திலிருந்து கணக்கு வேறு: அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டுச் சீட்டு 250 டாலர். அது இல்லாமல் போனால் 11 பூங்காக்களில் ஆளுக்கு நூறு டாலர் கூடுதல். அந்தப் பதினொன்றில் ஸயானும் பிரைஸும் இருக்கின்றன. ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் இல்லை. சென்னையிலிருந்து வரும் தம்பதிக்கு இது ஒன்றே மோவாபை முன்னுக்குத் தள்ளப் போதுமானது. ஆர்ச்சஸுக்கு 2022இலிருந்து சில ஆண்டுகள் நுழைவு நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் பூங்காவின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மோவாபில் வெயில் 38 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும்; பிற்பகல் இடிமழையும் திடீர் வெள்ளமும் அந்த மாதங்களில்தான். ஏப்ரல் பிற்பகுதியும் அக்டோபரும் நல்ல காலம். ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பது அங்கே கணக்கு. அக்டோபரிலும் அதைக் குறைக்காதீர்கள். பிரைஸில் மட்டும் அக்டோபர் இரவு உறைநிலைக்குப் போகும், கம்பளி வேண்டும்.

சைவச் சாப்பாட்டுக்கு மோவாபில் பெரிய மளிகைக் கடை இருக்கிறது. கேபிடல் ரீஃபை ஒட்டிய டோரி சின்னஞ்சிறு ஊர், சாயங்காலம் கடை சாத்திவிடுவார்கள். சிறிய ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் மூன்றும் காரில் இருந்தால் கவலையில்லை. பாறை நிழலில் உட்கார்ந்து சாப்பிடப் புளியோதரையை மிஞ்சியது எதுவும் இல்லை. வெயிலில் ரொட்டி காய்ந்துபோகும், இது ஊறி ருசி கூடும்.

முடிவாக நான் சொல்வது: சால்ட் லேக் சிட்டியில் இறங்கி, மோவாபில் நான்கு இரவு, டோரியில் இரண்டு, பிரைஸில் ஒன்று. டோரியிலிருந்து பிரைஸ் போகும் 12ஆம் எண் சாலையில், எஸ்கலாண்டேவுக்கு முன் ஹாக்பேக் என்று ஒரு முகடு வரும். இருபக்கமும் பள்ளம், தடுப்புக் கம்பி கிடையாது. உயரம் ஆகாதவர் ஓட்டட்டும். ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்ப்பார், பக்கத்தில் உட்காருகிறவருக்குத்தான் பள்ளம் தெரியும். இருவருமே சங்கிலிப் பாதைக்குத் துடிப்பவர்கள் என்றால் நான் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு ஸயானுக்குப் போங்கள். மூன்று நாள்தான் விடுப்பு என்றால் இந்த எதுவும் வேண்டாம்: லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜோஷுவா ட்ரீயின் கருங்கல் உருண்டைகள், வேகாஸில் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் வேலி ஆஃப் ஃபயர்.

அறை பதிவு செய்யும்போது மோவாபை முதலில் பிடியுங்கள். அக்டோபர் நடுவில் யூட்டா பள்ளிகளுக்கு வார இறுதியை ஒட்டி விடுமுறை வரும். ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் ஜீப் வண்டிக்காரர்கள் ஊரையே பிடித்துக்கொள்வார்கள். இந்த இரண்டு வாரங்களிலும் வாடகை இரட்டிப்பானாலும் அறை கிடைக்காது. தேதியை மாற்ற முடியாதவர்கள் அந்த வார இறுதிக்கு டோரியை முதலில் வைத்து, சுற்றைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.